வாசகர் கேள்வி பதில்: புறப்படுவதற்கு முந்திய எட்டுக் கிழமைகள்

இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, அவற்றுட் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியனவாக இருந்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓர் அரையாண்டு படிப்பதற்குத் தெரிவான பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும், புறப்படுவதற்கு முன் இங்கே விடுமுறைக் காலத்தில் நடைபெறும் குறுகிய கால வகுப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆகவே காணி எல்லைச் சண்டைகளையும் மருமக்கள் பற்றிய முறைப்பாடுகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த இதழின் பக்கங்களை இவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நான் யாழ். நகரிலுள்ள உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின் கீழ் ஒக்டோபர் மாதம் ஜேர்மனிக்குச் சென்று ஓர் அரையாண்டு படிக்கத் தெரிவாகியிருக்கிறேன். நான் இங்கில்லாத காலத்தில் தவறப்போகும் புள்ளிவிபரவியல், ஆய்வு முறையியல் ஆகிய இரு பாடங்களையும் முடித்துவிட்டுப் போகும்படி துறைத்தலைவர் சொன்னதால், விடுமுறையில் நடைபெறும் எட்டுக் கிழமை வகுப்பிற் சேர்ந்தேன். ஒவ்வொரு பாடமும் 3 கிரெடிட். வகுப்புத் தொடங்கிப் பத்து நாட்கள் ஆகிவிட்டன. உடம்பு வகுப்பில் இருக்கிறது. மனமோ நான் போகப்போகும் ஊரின் படங்களையும் விடுதி வாடகையையும் வீசாப் படிவத்தையுமே சுற்றி வருகிறது. நேற்று விரிவுரையாளர் கேட்ட சாதாரண கேள்விக்குக்கூட விடை சொல்ல முடியவில்லை. எனக்குப் படிப்பில் ஈடுபாடு குறைந்துவிட்டதா?
மாணவி ஒருவர், கொக்குவில்

பதில்: ஈடுபாடு குறைந்துவிட்டது என்று சொல்வதற்கு உங்கள் கடிதத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. பதினைந்து கிழமை ஓடும் வழமையான அரையாண்டின் நடையிலே எட்டுக் கிழமை வகுப்பைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிகிறது. வழமையான அரையாண்டின் முதல் இரண்டு கிழமைகளை நாமெல்லோரும் எப்படிக் கழித்தோம் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடுதிக்குப் பெட்டி படுக்கைகள் வந்து சேரும்; நேரசூசி இரண்டு தரம் மாறும்; விரிவுரையாளர் பாடத்திட்டத்தை வாசித்துவிட்டுப் போவார்; எதுவும் குடிமுழுகிப் போய்விட்டதாக ஒருவரும் எண்ணுவதில்லை. குறுகிய கால வகுப்பில் அந்த இரண்டு கிழமைகள் கிடையா.

கணக்கை ஒருமுறை கடதாசியில் எழுதிப் பாருங்கள். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, சுயவாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் சேர்ந்த 50 மணி நேர உழைப்பைக் குறிக்கும். இரண்டு பாடங்களின் 6 கிரெடிட்டுக்கும் 300 மணி நேரம் ஆகிறது. அதைப் பதினைந்து கிழமைகளுக்குப் பரப்பினால் கிழமைக்கு 20 மணி நேரம். எட்டுக் கிழமைகளுக்குள் அடக்கினால் கிழமைக்கு 37½ மணி நேரம். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர விரிவுரை என்று வைத்தால், நீங்கள் விரிவுரை மண்டபத்தில் இருக்கும் நேரம் கிழமைக்கு 11 மணியைச் சற்றே தாண்டும். மீதி 26 மணி நேரம் உங்கள் சொந்தப் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. உங்களை ஏமாற்றியது இந்த 26 மணி நேரம்தான். வகுப்பு முற்பகலிலேயே முடிந்துவிடுவதால் பின்னேரம் முழுவதும் ஓய்வு நேரம் போலத் தோன்றுகிறது, அந்த வெற்றிடத்திற் பயண நினைவு வந்து குந்திக்கொள்கிறது. இந்த வகுப்பில் ஒரு கிழமை தவறுவது, வழமையான அரையாண்டில் ஏறக்குறைய இரண்டு கிழமைகள் தவறுவதற்குச் சமம் என்பதையும் அந்தக் கடதாசியிலேயே எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

பயண வேலையை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் நடக்காது. அதற்குக் கிழமையில் ஒரு பின்னேரத்தை, புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம், முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். வீசாப் படிவம், காப்புறுதி, தங்குமிட விண்ணப்பம், மின்னஞ்சல்களுக்கான பதில், அந்த ஊரின் படங்களைப் பார்ப்பது உட்பட எல்லாமே புதன் பின்னேரத்துக்கு உரியவை. மற்ற நாட்களில் நினைவு வந்தால் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி மூடிவையுங்கள். எழுதிவைத்த விடயத்தை மனம் அவ்வளவாகத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவதில்லை. 90 நாட்களுக்கு மேல் தங்குவதற்கு ஜேர்மனியின் தேசிய வீசா வேண்டும். அதற்காக ஒரு நாளாவது நீங்கள் கொழும்புக்குப் போய்வர நேரிடும். அந்தத் திகதி கிடைத்தவுடனேயே விரிவுரையாளரிடம் சொல்லி, அன்று நடக்கவிருக்கும் பாடத்தை முன்கூட்டியே வாசித்துவிடுங்கள். போய் வந்த பின் நண்பியின் கொப்பியைப் பார்த்து எழுதலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்வதற்கு முன் இதே போன்றதொரு வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பத்திரத்திற் கையொப்பம் வாங்குவதற்காக இரவு ரயிலேறிக் கொழும்பு போனேன். கையொப்பமிட வேண்டியவர் அன்று லீவு. மறுநாளும் காத்திருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த இரு நாட்களில் இங்கே புள்ளிவிபரவியலில் நியம விலகல் என்ற பகுதியை நடத்தி முடித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் நான் இருந்த முதலாவது கருத்தரங்கில், எல்லோருக்கும் தெரிந்ததொன்று என்ற முகவுரையுடன் பேராசிரியர் தொடங்கியது அந்த நியம விலகலைத்தான். கையொப்பம் வாங்கிய பத்திரத்தை அங்கே ஒருவரும் கேட்கவேயில்லை.

அடுத்ததாக, நாளை எப்படிப் பிரிப்பது என்ற விடயம். வெளிநாட்டுப் புத்தகங்களில் உள்ள கால அட்டவணைகளை நமது ஆனி, ஆடி மாதங்களிற் பின்பற்ற முடியாது. பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை புழுக்கம் ஆளை அடித்துப் போட்டுவிடும். சோளகம் வீசினாலும் மேசையிற் புழுதிதான் படியும். அந்த நேரத்திற் புதிய விடயம் ஒன்றும் ஏறாது. ஆகவே விடியற்காலை நாலரை முதல் ஆறரை வரையான இரண்டு மணி நேரத்தை மிகக் கடினமான வேலைக்கு, அதாவது அன்றைய பாடத்தை வகுப்புக்கு முன்னரே ஒருமுறை வாசித்துப் பார்ப்பதற்கு, வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்து வந்து சாப்பிட்டு அரை மணி நேரம் கண்ணயர்வது குற்றமில்லை. குத்தரிசிச் சோற்றையும் வெயிலையும் ஒருசேர எதிர்த்துப் போராடி வென்ற மாணவரை நான் இதுவரை கண்டதில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு யாழ். பொது நூலகத்திற்கோ, வீட்டில் நிழலும் காற்றும் உள்ள விறாந்தைக்கோ சென்று பயிற்சிக் கணக்குகளைச் செய்யலாம்.

இரவு படுக்கைக்குப் போகுமுன் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, கொப்பியைத் திறக்காமல், அன்று வகுப்பில் நடந்தவற்றை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். நீங்கள் போகும் நாட்டைச் சேர்ந்த ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்ற உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து 1885 இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிகக் கூடுதலாக நிகழ்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. எனவே அன்றிரவு எழுதும் பத்து நிமிடம், சனிக்கிழமை கொப்பியை மூன்று தரம் வாசிப்பதிலும் பெறுமதி வாய்ந்தது. முதல் மூன்று நாட்களுக்குத் தாள் பாதி வெறுமையாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்தப் பகுதி வெறுமையாக இருக்கிறதோ அதுவே மறுநாள் விடியற்காலைக்கான வேலை.

தவறிய பத்து நாட்களைப் பற்றி: இந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒதுக்கி முதற் கிழமைப் பாடத்தை மாத்திரம் முடியுங்கள். இரண்டாம் கிழமையினுடையதை வரும் கிழமை நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: இதே போன்ற குறுகிய வகுப்பில் நானும் இரண்டு பாடங்கள் எடுத்திருக்கிறேன். ஐரோப்பாவில் ஓர் அரையாண்டுக்கு 30 கிரெடிட் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இங்கே 15 தானே? எங்கள் படிப்பை அவர்கள் அரைவாசியாக மதிக்கிறார்களா? மேலும், இரண்டு பாடங்களையும் தாங்க முடியாவிட்டால் ஒன்றைக் கைவிடலாமா?
மாணவர், நெல்லியடி

பதில்: மதிப்புக் குறைவு ஒன்றும் இல்லை, அளவுகோல்தான் வேறு. ஐரோப்பிய முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நமது முறையில் ஓர் ஆண்டுக்கு 30 கிரெடிட், ஒவ்வொன்றும் 50 மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஆண்டுக்கு 1500 மணி நேரத்தில், அல்லது அதற்குச் சற்று மேலே, வந்து நிற்கும். ஆகவே நீங்கள் இப்போது முடிக்கும் 6 கிரெடிட், அங்கே 10 முதல் 12 வரையான கிரெடிட்டுக்கு ஒப்பான உழைப்பாகும். ஆனால் இந்தக் கணக்கை நீங்களும் நானும் போட்டுப் பயனில்லை. ஐரோப்பியப் பரிமாற்றத் திட்டங்களிற் செல்லும் மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் கையொப்பமிடும் கற்றல் உடன்படிக்கை ஒன்று இருக்கும். அங்கே எந்தப் பாடங்களைப் படிப்பீர்கள், அவை இங்கே எந்தப் பாடங்களுக்குப் பதிலாகக் கொள்ளப்படும் என்பன அதில் எழுதப்பட வேண்டும். நீங்கள் இப்போது முடிக்கும் இரு பாடங்களின் பெயர் அந்தப் பட்டியலில் மீண்டும் வந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இங்கே வியர்வை சிந்தி முடித்த பாடத்தை அங்கே குளிரில் இருந்து மறுபடியும் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஒன்றைக் கைவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், கைவிடலாம், ஆனால் இரண்டாவது கிழமை முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும் என்பதாகும். ஐந்தாவது கிழமையிற் கைவிட்டால், அதுவரை அதற்குச் செலவிட்ட நேரத்தை மற்றப் பாடத்திலிருந்து திருடியதாகவே முடியும். கைவிடுவதற்கு முன் துறைத்தலைவரிடம் நேரிற் சென்று, அந்தப் பாடத்தைத் திரும்பி வந்த பிறகு எடுக்க முடியுமா, அதனால் ஆண்டு தவறுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டிலும் மட்டமான புள்ளி எடுப்பதைவிட ஒன்றில் நல்ல பெறுபேறு எடுப்பது மேல் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம். வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

போகிற போக்கில் இன்னொன்று. ஜேர்மனியிற் புள்ளித் திட்டம் தலைகீழானது. அங்கே 1.0 மிகச் சிறந்தது, 4.0 கடைசிச் சித்தி, 5.0 என்றால் சித்தியடையவில்லை. முதல் ஒப்படைக்கு 1.3 கிடைத்தது என்று யாரும் வீட்டுக்கு அழுதுகொண்டு தொலைபேசி எடுக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் செப்ரெம்பரில் வெளிநாடு போகிறான். இப்போது குறுகிய கால வகுப்பு ஒன்றிற் படிக்கிறான். வழியனுப்பும் விருந்து என்று பெரியப்பா வீட்டிலும் மாமி வீட்டிலும் சித்தி வீட்டிலும் கூப்பிடுகிறார்கள். அவனோ வகுப்பு இருக்கிறது என்று சொல்லி ஒன்றுக்கும் வருகிறானில்லை. "இப்பவே வெளிநாட்டுக்காரனாகிவிட்டான்" என்று சனம் கதைக்கிறது. போதாக்குறைக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற உறவினர்கள் இரவு பதினொரு மணிக்கு அழைப்பெடுத்து அவனுக்குப் புத்தி சொல்கிறார்கள். நான் யார் பக்கம் நிற்பது?
தாய், சாவகச்சேரி

பதில்: அம்மா, மகன் பக்கம் நில்லுங்கள், ஆனால் சபையில் அவனுக்காகப் பேசுகிற பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வயதுப் பிள்ளை தானாகப் பெரியப்பாவிடம் வரமுடியாது என்று சொன்னால் அது மரியாதைக் குறைவாகத்தான் கேட்கும். அதையே நீங்கள், "அண்ணா, பரீட்சை முடிந்த கையோடு முதல் விருந்து உங்கள் வீட்டில்தான்" என்று திகதியோடு சொன்னால் விடயம் வேறாகிவிடும். வகுப்பு முடிவதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையிற் பல கிழமைகள் இருக்கின்றன. கூப்பிட்டவர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, அந்த நாட்களிற் பங்கிட்டுவிடுங்கள். அப்போதுதான் ஒடியற் கூழைக்கூட அவன் ருசித்துக் குடிப்பான். இப்போது இழுத்துக்கொண்டு போனால், பிலாவிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்படையை நினைத்துக்கொண்டிருப்பான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. படுக்கையில் இருக்கும் முதியவர்கள் யாரும் பார்க்க வேண்டும் என்று கேட்டால், வகுப்பு இருந்தாலும் ஓர் அரை மணி நேரம் போய்வரச் சொல்லுங்கள். அது விருந்தோடு சேர்த்தி அல்ல.

தொலைபேசி விடயம் நேர வித்தியாசத்தால் வருவது. இந்த மாதங்களில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், லண்டன் நாலரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. இங்கே இரவு பதினொரு மணி, லண்டனில் மாலை ஆறரை. அவர்கள் வேலையால் வந்து ஓய்வாக இருக்கும் நேரம் அது. குறை அவர்களிலும் இல்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அழைத்தால் ரொறன்ரோவிற் சனி இரவு பத்தரை. பின்னேரம் மூன்று மணிக்கு அழைத்தால் லண்டனிற் காலை பத்தரை. இந்த இரண்டு நேரத்தையும் குடும்பத்தினருக்கு அறிவித்துவிட்டு, மற்ற நாட்களில் இரவு ஒன்பதுக்குப் பிறகு அவனது தொலைபேசியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். குளிர்ச்சட்டை எங்கே வாங்குவது என்ற ஆலோசனை ஞாயிறு வரை கெட்டுப்போகாது.

கேள்வி: நான் கிராமப் பாடசாலையிலிருந்து தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்து வந்தவன். இந்த விடுமுறை வகுப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. வகுப்பில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள் போலவும் கெட்டிக்காரர்கள் போலவும் தெரிகிறது. சந்தேகம் வந்தாலும் கேட்க நா எழுவதில்லை. இங்கேயே இப்படி என்றால் வெளிநாட்டில் என்ன செய்வேன்?
மாணவர், வட்டுக்கோட்டை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தோடு அனுப்பிய வகுப்புக் குறிப்பின் இரண்டு பக்கங்களையும் பார்த்தேன். விளங்கவில்லை என்று நீங்கள் கோடிட்ட சொற்கள் ஆறு. அவற்றில் மூன்று மீன், மீடியன், மோட். இவை நீங்கள் சாதாரணதரத்திலேயே படித்த இடை, இடையம், ஆகாரம் என்பவைதான். நாலாவது வேரியன்ஸ், அது மாறற்றிறன். ஐந்தாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன். அது நியம விலகல். ஆறாவது மாத்திரமே உங்களுக்குப் புதியது. பாடம் விளங்காமல் இருக்கவில்லை. தெரிந்த ஆளைப் புதிய உடுப்பிற் கண்டு மலைத்துப்போய் நிற்கிறீர்கள்.

எனவே உங்கள் முதல் வேலை, ஒரு கொப்பியின் தாளை நடுவே மடித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் நீங்கள் அறிந்த தமிழ்ச் சொல்லையும் எழுதிவருவது. இதை நம்மவர்கள் நீண்ட காலமாகச் செய்துவருகிறார்கள். அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தபோது, அவருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் இதே வேலைதான் இருந்தது; திசைதான் மாறியிருந்தது, ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லைத் தேடினார்கள். உங்கள் கொப்பி எட்டுக் கிழமையில் இருநூறு சொற்களைத் தொட்டுவிடும். வெளிநாட்டில் உங்கள் மேசையில் அகராதிக்கு முன்னர் அதுவே இருக்கும்.

கேள்வி கேட்பதைப் பற்றி: வகுப்புக்கு முன் வாசிக்கும்போதே ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக எழுதிவைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே வாசித்துக் கேளுங்கள். இலக்கணப் பிழை இருந்தால் இருக்கட்டும். இதைக் கூடிய கெதியிற் செய்ய வேண்டும். முதற் கிழமைகளில் வாய் திறக்காத பிள்ளைக்கு, போகப் போக வகுப்பின் மௌனமே ஒரு சட்டம் போல ஆகிவிடும். ஒருவர் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். நான் முப்பது ஆண்டுகள் கற்பித்த அனுபவத்திற் சொல்வதானால், அந்த நேரத்தில் வகுப்பிற் பாதிப் பேர் அதே கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் வெளியே ஐஸ்கிறீம் வானின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வாங்கில் இருப்பவரிடம் பென்சிலாவது இரவல் வாங்குங்கள். அறிமுகம் அப்படித்தான் தொடங்கும்; இரண்டாவது கிழமையில் அவரோடு சேர்ந்து கணக்குச் செய்யலாம்.

கேள்வி: வகுப்புகளோடு சேர்த்து ஜேர்மன் மொழியையும் படித்துவிட எண்ணுகிறேன். எட்டுக் கிழமைக்குள் கதைக்குமளவுக்கு வந்துவிடலாமா?
மாணவி, சுன்னாகம்

பதில்: வர முடியாது, அதற்காக மனம் தளரவும் வேண்டாம். ஆரம்ப நிலையான ஏ1 மட்டத்தை எட்டுவதற்கே 45 நிமிடப் பாடங்கள் 80 முதல் 200 வரை தேவை என்று கொள்வார்கள். முழுநேர வகுப்பின் மீது அதையும் ஏற்றினால் இரண்டும் சரிந்துவிடும். இப்போதைக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடம், எண்களுக்கும் வணக்கம் சொல்வதற்கும் கடையிற் கேட்பதற்குமான வாக்கியங்களுக்கும் மாத்திரம் கொடுங்கள். வகுப்பு முடிந்த பிறகு முறையாகத் தொடங்கலாம்.

எண்களிற் கூடுதல் கவனம் வேண்டும். இருபத்தொன்று என்பதை அவர்கள் "ஒன்றும் இருபதும்" என்ற ஒழுங்கிற் சொல்வார்கள். 47 யூரோவை 74 என்று கேட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு நிற்காத வெளிநாட்டு மாணவர் அரிது. அதற்கு மாறாக, ஆங்கிலம் பேசுகிறவர்களைத் திணறடிக்கும் ஒரு விடயம் உங்களுக்கு இலகுவாக வரும். "ஏனென்றால்" என்ற பொருள் தரும் "வைல்" போன்ற இணைப்புச் சொல் வந்தவுடன் ஜேர்மன் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். வினைக்காக வாக்கியத்தின் இறுதிவரை காத்திருப்பது தமிழர்களுக்குப் பழகிய விடயம்தானே.

கேள்வி: நல்லூர்க் கொடியேற்றம் எங்கள் பரீட்சைக் கிழமையோடு வருகிறது. அடுத்த வருடம் நான் எங்கே இருப்பேனோ தெரியாது. என்ன செய்யலாம்?
மாணவி, நல்லூர்

பதில்: திருவிழா 25 நாட்கள். பரீட்சை நடக்கும் நாட்களில் விடியற் பூசைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து புத்தகத்தை எடுங்கள். வீட்டிலிருந்து நடை தூரந்தானே. தேர் இருபத்து நாலாம் நாள். அதற்குள் உங்கள் விடைத்தாள்கள் திருத்துபவர் கைக்குப் போயிருக்கும்.

கேள்வி: பருத்தித்துறையிலிருந்து தினமும் பஸ்சில் வந்து போகிறேன். போக வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகிறது. பஸ்சிற் படிக்கலாமா?
மாணவர், பருத்தித்துறை

பதில்: வாசிக்க வேண்டாம், தலை சுற்றும், காலை பஸ்சில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். முதல் நாள் விரிவுரையை உங்கள் சொந்தக் குரலில் பத்து நிமிடத்துக்குச் சுருக்கிப் பதிவு செய்து, அதைக் காதிற் போட்டுக் கேளுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் உறவினர் யாரும் இருந்தால் கடைசி மூன்று கிழமைகளாவது அங்கே தங்கிவிடுவது நல்லது. கிழமைக்குப் பன்னிரண்டு மணி நேரம் மிச்சமாகும்.

கேள்வி: என் வகுப்பு முடிந்துவிட்டது, நன்றாகவே செய்திருக்கிறேன். புறப்பட இன்னும் ஆறு கிழமைகள் இருக்கின்றன. இனி என்ன?
மாணவி, கோண்டாவில்

பதில்: வாழ்த்துகள். முதலில் நாலு நாள் ஒன்றும் செய்யாமல் தூங்குங்கள். அதன் பிறகு இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது பத்திரங்கள். குறுகிய கால வகுப்பின் பெறுபேறு உங்கள் பிரதான பெறுபேற்று அட்டவணையில் ஏற்றப்படுவதற்குப் பெரும்பாலும் நாங்கள் எண்ணுவதைவிட அதிக காலம் எடுக்கும். பரீட்சை முடிந்த கிழமையே அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்து, இடைக்காலச் சான்றிதழ் ஒன்றையாவது வாங்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள பெயரும் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாததால், ஓரிடத்தில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுமையாகவும் வந்துவிடுகிறது. "சிவ" என்பதில் ஓரிடத்தில் வி என்ற ஆங்கில எழுத்தும் மற்ற இடத்தில் டபிள்யூவும் நிற்கும். நானே மூன்று மாத காலம் என் தகப்பனாரின் பெயராலேயே பேராசிரியர்களால் அழைக்கப்பட்டேன். வேற்றுமை இருந்தால் இங்கிருக்கும்போதே திருத்துவது இலகு. சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சில் அத்தாட்சிப்படுத்த வேண்டியிருந்தால் அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலேயே அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

இரண்டாவது கொப்பிகள். எட்டுக் கிழமைக் குறிப்புகளையும் நிறைக்குப் பயந்து பரணிற் போட்டுவிட்டுப் போகிறவர்களே அதிகம். புள்ளிவிபரவியலில் நீங்கள் செய்த கணக்குகள், முறையியலில் எழுதிய ஒப்படை, அதில் விரிவுரையாளர் சிவப்பு மையில் எழுதிய திருத்தங்கள் ஆகிய மூன்றையும் படமெடுத்துத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சொற்பட்டியற் கொப்பி இருந்தால் அதை மாத்திரம் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். அங்கே வகுப்பு நேரம் "10 சி.டி." என்று போட்டிருந்தால் விரிவுரை பத்தேகாலுக்குத் தொடங்கும் என்று அர்த்தம்; "எஸ்.டி." என்று இருந்தால் பத்து மணிக்கே. அந்தக் கால் மணி நேரத்தில் வகுப்பு வாசலில் நின்று புரட்டிப் பார்க்க அந்தக் கொப்பி போதும்.

நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள். தண்டப்பணம் நின்றால் பெறுபேற்று அட்டவணையைத் தரமாட்டார்கள்.